பின்சக்கரத்தின் வலப்பக்கம்

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சைக்கிள் படங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். செகண்ட் ஹேண்ட் என்றாலும் மோசமில்லை. ஃபிரேமில் விரிசல் எதுவும் தெரியவில்லை, ரிம்மில் பிரேக் கட்டை தேய்த்த குழி இல்லை. அம்மாவிடம் நீ சொன்ன விலை ஒன்று, என்னிடம் சொன்ன விலை வேறொன்று என்பதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

நீ கேட்டது கேசட்டுக்கும் ஸ்போக்ஸ் கம்பிக்கும் நடுவே இருக்கிற அந்த மஞ்சள் பூத்த பிளாஸ்டிக் தட்டைப் பற்றி. "சின்னப் பசங்க சைக்கிள்லதான்டா இதெல்லாம் இருக்கும், கட்டிங் பிளேயர் வச்சு ஒடிச்சுப் போடு" என்று உன் கூட்டாளிகள் சொல்கிறார்கள், ஒடிக்கலாமா என்கிறாய். ஒடிக்காதே. அதே சமயம், தட்டுதான் இருக்கிறதே என்று நம்பி அடுத்த வாரம் ஏற்காடு ஏறவும் ஏறாதே. இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்பாய். அதனால்தான் பார்சலோடு இந்தக் கடிதம். சைக்கிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

முதலில் வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார். உன் கேசட்டில் எட்டுப் பல்சக்கரங்கள். வெளியே சின்னது, உள்ளே பெரியது. அந்தப் பெரிய சக்கரத்தைத் தாண்டினால் அடுத்து இருப்பது ஸ்போக்ஸ்தான். நடுவே விரல்கூட நுழையாது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது கடைசிக் கியருக்கு மாற்றுவாய். அப்போது, செயினைப் பல்லுக்குப் பல் தள்ளி மாற்றுகிற டீரெய்லர் அதைப் பெரிய சக்கரத்தின் மேல் ஏற்றிவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். நிற்காமல் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் செயின் அந்தச் சந்தில் விழும். நீயோ உடம்பின் முழு பாரத்தையும் பெடலில் கொடுத்துக்கொண்டிருப்பாய். அந்த மிதியே செயினை இன்னும் ஆழமாக இழுத்துச் செருகிவிடும். சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஏற்றத்தில் மெதுவாகப் போகிறவனுக்குக் கால் ஊன்ற நேரம் கிடைக்காது. பின்னால் பஸ் வந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இது சின்ன விபத்து. பெரியது, செயினுக்குப் பதில் டீரெய்லரே கம்பிக்குள் போவது. ஒரே ஒரு ஸ்போக்ஸ் அதன் கூண்டைக் கொக்கி போட்டு இழுத்தால் போதும், அரைச் சுற்றுக்குள் மொத்தத்தையும் பின்பக்கமாகச் சுருட்டி மேலே தூக்கிவிடும். டீரெய்லரைத் தாங்குகிற ஹேங்கர் முறியும், டீரெய்லர் நசுங்கும், நாலைந்து கம்பி போகும், சில சமயம் ஃபிரேமும் சேர்ந்து போகும். அப்படிப் போன வண்டிகளை எங்கள் சைக்கிள் குழுவிலேயே பார்த்திருக்கிறேன். வண்டியை ஆட்டோவில் தூக்கிப் போட்டு வருவது தவிர வழி கிடையாது.

எனக்கு அதிகக் கவலை முதல் வகையைப் பற்றித்தான். காரணம், அதில் "ஒண்ணும் ஆகலை" என்று தோன்றும். கோத்தகிரி ஏற்றத்தில் எங்கள் குழுப் பையன் ஒருவனுக்குச் செயின் இப்படி உள்ளே சிக்கியது. கையெல்லாம் கிரீஸாக்கிக்கொண்டு பிடுங்கி எடுத்தான், மாட்டினான், மேலே ஏறி டீ குடித்துவிட்டு இறங்கியும் வந்துவிட்டான். சில வாரம் கழித்து, மேடு பள்ளம் ஒன்றுமே இல்லாத அவிநாசி ரோட்டில், "டங்" என்று ஒரு கம்பி போனது. மாற்றினான். அடுத்து இன்னொன்று. கம்பி தரம் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தான். கேசட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வலப்பக்க வெளிக்கம்பிகள் எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் செயின் பிறாண்டிய வடு.

ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால் நீயே பார்த்துக்கொள்வாய். பின்சக்கரத்தில் வலப்பக்கக் கம்பியும் இடப்பக்கக் கம்பியும் ஒன்றல்ல. கேசட்டுக்கு இடம் விட வேண்டுமென்று ஹப்பின் வலப்பக்க விளிம்பை நடுவை நோக்கித் தள்ளி வைத்திருப்பார்கள். ஆனால் ரிம் நட்டநடுவில் நிற்க வேண்டும். அதனால் வலப்பக்கக் கம்பிகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். இடப்பக்கத்தவை சாய்ந்து போகும். ரிம்மை நடுவில் பிடித்து நிறுத்த வலப்பக்கத்தை மிக இறுக்கமாக முறுக்கியாக வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் 100 முதல் 120 கிலோ வரை இழுவிசை. இடப்பக்கத்தில் பெரும்பாலும் அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். இத்தனை பாரத்தையும் தாங்குகிற கம்பியின் தடிமன் வெறும் 2 மில்லிமீட்டர். செயின் வந்து விழுகிற பக்கமும் இதே பக்கம். விதியைப் பார்!

இன்னொன்று. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்கிற அமெரிக்க இன்ஜினியர் 1981-ல் 'தி பைசிக்கிள் வீல்' என்று ஒரு புத்தகம் எழுதினார். சக்கரம் எப்படிப் பாரம் தாங்குகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிற புத்தகம். அதன்படி, சக்கரம் தரையைத் தொடுகிற இடத்துக்கு நேர் மேலே ஒரு கம்பி வரும்போது அதன் இறுக்கம் குறைகிறது, தாண்டியதும் பழையபடி இறுகுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. உன் சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்று வைத்துக்கொள். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 476 சுற்று. சேலத்திலிருந்து ஏற்காடு போய் வர 60 கிலோமீட்டர் என்றால், ஒவ்வொரு கம்பியும் 28,000 தடவைக்கு மேல் தளர்ந்து தளர்ந்து இறுகுகிறது. வழுவழுப்பான நல்ல கம்பி இதை வருஷக்கணக்கில் தாங்கும். வடு விழுந்த கம்பியில் விசையெல்லாம் அந்த ஒரு புள்ளியில் வந்து சேரும். ஜவுளிக்கடையில் துணி ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வைத்துவிட்டு, மிச்சத்தைக் கையாலேயே சர்ரென்று கிழிப்பார்களே, அதே கதைதான். இங்கே கிழிவதற்கு மட்டும் சில வாரங்கள் ஆகும்.

சரி, தட்டுக்கு வருகிறேன். செயின் அந்தச் சந்தில் விழாமல், விழ வந்தாலும் வழுக்கி மறுபடி பல்லிலேயே ஏறும்படி தடுப்பதுதான் அதன் வேலை. அழகுக்காக யாரும் மாட்டவில்லை. அமெரிக்காவில் 1976-ல் நடைமுறைக்கு வந்த சைக்கிள் பாதுகாப்பு விதிகளிலேயே இது உண்டு: சரிசெய்ததில் பிசகு இருந்தாலும், அடிபட்டுச் சேதமானாலும், செயின் சக்கரத்தில் சிக்கி அதை நிறுத்திவிடாதபடி டீரெய்லருக்குக் காப்பு வேண்டும். ஏற்றுமதிக்குச் செய்கிறவர்கள் அதனால் மாட்டினார்கள். அந்தக் காலத்துக் கியர் சைக்கிள்களில் இரும்புத் தட்டு, குரோம் பூச்சோடு பளபளவென்று இருக்கும். எனக்கு அது பிடிக்கும். இப்போது பிளாஸ்டிக்.

ரேஸ் வண்டிகளில் இல்லையே என்பார்கள் உன் கூட்டாளிகள். உண்மை, இல்லை. அங்கே ஒரு மெக்கானிக் தினமும் ராத்திரி வண்டியைத் துடைத்து, ஹேங்கரைப் பார்த்து, ஸ்க்ரூவைச் சரிபார்த்துத்தான் மறுநாள் கொடுக்கிறார். உன் வண்டியோ காலேஜ் ஸ்டாண்டில் நாற்பது வண்டிகளுக்கு நடுவே சாய்ந்து கிடக்கும், யாரோ தன் வண்டியை உருவும்போது வலப்பக்கமாகச் சரியும், லீவுக்கு இங்கே வரும்போது ரயிலில் லக்கேஜோடு லக்கேஜாகப் படுக்கும். தட்டு உன்னைப் போன்றவனுக்காகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தத் தட்டு கெட்டுவிட்டது. மூன்றாவது படத்தில் பார்த்தேன், கம்பியில் கவ்வுகிற காதுகளில் ஒன்று ஒடிந்திருக்கிறது. வெயிலில் நிற்கிற பிளாஸ்டிக் முதலில் மஞ்சளாகும், பிறகு மொறுமொறுவென்று ஆகும். காது போனால் தட்டு ஆடும், கடகடவென்று சத்தம் போடும். துண்டாக உடைந்தால் அதுவே செயினுக்குள் போய்ச் சிக்கலாம். ஆகவே பழையது போகத்தான் வேண்டும், ஆனால் பிளேயரால் அல்ல. பிளேயர் நுனி கம்பியில் ஒரு தடவை பட்டால், செயின் செய்கிற அதே காயத்தை நீயே செய்தவனாவாய்.

கடைக்கு எடுத்துப் போய்க் கேசட்டைக் கழற்றச் சொல். அதற்கு லாக்ரிங் டூலும், சக்கரம் திரும்பாமல் பிடிக்கச் செயின் வைத்த கைப்பிடியும் வேண்டும். எல்லா மிதிவண்டிக் கடையிலும் இருக்காது, கியர் வண்டி பார்க்கிற கடையாகத் தேடிப் போ. சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு யாராவது வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடு. கழற்றிய கையோடு கம்பியைப் பார்க்க வேண்டும். கேசட் மாட்டியிருக்கும்போது அந்த இடம் கண்ணில் படாது. உன் சக்கரத்தில் 32 கம்பி, வலப்பக்கம் 16. அதில் எட்டு ஹப் விளிம்புக்கு வெளிப்புறமாக ஓடும். செயினுக்குப் பக்கத்தில் இருப்பது அந்த எட்டுதான். வளைந்த முழங்கையிலிருந்து கொஞ்சம் மேலே, துணியால் துடைத்துவிட்டு, நகத்தால் மேலும் கீழும் வருடிப் பார். வெறும் கறுப்புக் கறை என்றால் நகம் வழுக்கிப் போகும். வடு என்றால் நகம் தட்டி நிற்கும். தட்டுகிற கம்பியை மாற்றிவிடு, யோசிக்காதே. ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டச் சொல், மொத்தமாகத் தளர்த்தினால் கோட்டம் எடுக்கிற வேலை இரட்டிப்பாகும். பழைய கம்பியைக் கையோடு வைத்து நீளம் ஒப்பிட்டு வாங்கு. 14 கேஜ், ஸ்டெயின்லெஸ்.

பார்சலில் புதுத் தட்டு வைத்திருக்கிறேன். உன் பெரிய சக்கரத்தில் 32 பல் என்று சொன்னாய், அதற்குப் பொருந்தும். தட்டு பெரிய பல்சக்கரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் பயன். பின்னாளில் 36 பல் கேசட் போட்டால் தட்டையும் மாற்று. சின்னத் தட்டு பெரிய சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வேலை செய்வதாக நடிக்கும், அவ்வளவுதான்.

இனி முக்கியமான விஷயம். தட்டு கடைசி வரப்பு. செயின் அதுவரை வரவே கூடாது. வராமல் பார்த்துக்கொள்வது ஹேங்கரும் ஒரு சின்ன ஸ்க்ரூவும்.

ஹேங்கர் என்பது ஃபிரேமின் பின்முனையில் டீரெய்லரைத் தாங்கித் தொங்கவிடுகிற காது. உன்னுடையது அலுமினியம், தனியே கழற்றக்கூடியது. ஃபிரேம் போவதைவிட இது போகட்டும் என்றே அதை மெல்லியதாகச் செய்கிறார்கள். வண்டி வலப்பக்கமாக ஒரு தடவை விழுந்தால் போதும், உள்பக்கம் வளைந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, சின்னப் பல்சக்கரங்களில் ஓட்டும்போதும் தெரியாது. பெரிய பல்சக்கரத்தில் மட்டும் டீரெய்லரின் கூண்டு கம்பியை உரசுகிற தூரத்துக்குப் போய்விடும். பின்னாலிருந்து பார். இரண்டு சின்ன உருளைகளும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பல்சக்கரத்துக்கு நேராகத் தொங்க வேண்டும். கீழ் உருளை கம்பியை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஹேங்கர் கோணல். உன் நான்காவது படத்தில் அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது; படத்தை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். கடையில் இதற்கென ஓர் அளவுகோல் உண்டு, ஹேங்கரில் திருகி ரிம்மைச் சுற்றி நாலு இடத்தில் அளந்து பார்ப்பார்கள். சிறு வளைவை நிமிர்த்தலாம். ஆனால் அலுமினியம் அடிக்கடி நிமிர்த்தினால் முறியும். ஒரு மாற்று ஹேங்கரை வாங்கிப் பையில் போட்டு வை. மாடலுக்கு மாடல் வடிவம் மாறும், அதனால் உன்னுடையதைக் காட்டி வாங்கு.

ஹேங்கர் நேரானபிறகுதான் ஸ்க்ரூ. வரிசை மாறக் கூடாது. கோணல் ஹேங்கரோடு ஸ்க்ரூவைத் திருகுவது வீண்வேலை, நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். டீரெய்லரின் முதுகில் இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் எச், எல். எச் வெளிப்பக்க எல்லை. எல் உள்பக்க எல்லை, நமக்கு வேண்டியது அதுதான். நம் தாழ்வாரத்து உத்தரத்தில் கயிறு போட்டுச் சீட்டைத் தூக்கிக் கட்டு, பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுற்ற வேண்டும். ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே பெரிய பல்லுக்கு மாற்று. பின்னாலிருந்து பார்த்தால் மேல் உருளை பெரிய பல்லுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். உள்ளே தாண்டியிருந்தால் எல் ஸ்க்ரூவைக் கடிகாரம் சுற்றுகிற திசையில் கால் சுற்று, மறுபடி கால் சுற்று என்று திருகு. செயின் பெரிய பல்லில் ஏறத் தயங்கினால் கொஞ்சம் திருப்பி விடு.

இதோடு நிறுத்திவிடாதே, இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பெடலைச் சுற்றிக்கொண்டே டீரெய்லரைக் கட்டைவிரலால் கம்பியை நோக்கி நன்றாக அழுத்து. எவ்வளவு அழுத்தினாலும் அது ஸ்க்ரூவில் முட்டி நிற்க வேண்டும், செயின் பல்லை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் இன்னும் கால் சுற்று. கேபிளை நம்பாதே, கேபிள் இன்று ஒரு இறுக்கம், நாளை ஒரு இறுக்கம். ஸ்க்ரூ அப்படி மாறாது. சக்கரத்தையோ கேசட்டையோ மாற்றினாலும், பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தைத் திரும்ப மாட்டினாலும், இந்தக் கட்டைவிரல் சோதனையைச் செய். அச்சு பள்ளத்தில் முழுசாக உட்காராமல் இறுக்கிவிட்டால் எல்லாக் கணக்கும் தப்பிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் எங்காவது சிக்கினால், முதலில் மிதிப்பதை நிறுத்து. பின்னால் மிதித்தும் பார்க்காதே, முன்னால் மிதித்தும் பார்க்காதே. ஓரமாக ஒதுங்கு. சக்கரத்தின் லீவரைத் தளர்த்திச் சக்கரத்தைக் கழற்றினால் பெரும்பாலும் செயின் தானாக வெளியே வரும். இழுத்துப் பிடுங்கினால் ஒவ்வொரு இழுப்பும் கம்பியில் ஒரு கீறல். கம்பி அறுந்தே போயிருந்தால் அதன் மிச்சத்தைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டு, ரிம் பிரேக்கில் உரசினால் பிரேக்கைக் கொஞ்சம் திறந்துவிடு. ஒரே ஒரு கம்பிதான் போயிருக்கிறது, வண்டி சமதரையில் இருக்கிறது என்றால் உருட்டாமல் மெதுவாக ஓட்டி வரலாம். மலையில் என்றால் ஓட்டாதே. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் பின்சக்கரம் ஆடிக்கொண்டே, பாதி பிரேக்கோடு இறங்குகிற வீரம் நம் வீட்டுக்கு வேண்டாம்.

ஷெல்டன் பிரவுன் என்று ஒரு அமெரிக்க மெக்கானிக் இருந்தார், 2008-ல் போய்ச்சேர்ந்துவிட்டார். சைக்கிள் பற்றி அவர் எழுதாத விஷயமே இல்லை. ஸ்போக்ஸ் பின்னும்போது எந்தக் கம்பி விளிம்புக்கு உள்ளே, எது வெளியே என்பதிலும், சிக்கின செயின் மிதிக்கும்போது மேலும் உள்ளே இழுக்கப்படாதபடி ஒரு முறை உண்டு என்று சொல்லியிருக்கிறார். சக்கரம் கட்டுகிறவர்களிடம் அதைப் பற்றிப் பேச்சை எடுத்தால் சாயங்காலம் முழுக்க வாதம் நடக்கும். என்றைக்காவது நீ புதுச் சக்கரம் கட்டிக்கொள்ளும்போது பார்க்கலாம், இப்போது உனக்கு அது வேண்டாம்.

அம்மாவிடம் சொல், துப்பட்டா சிக்காமலிருக்க நான் பள்ளிக்கூடம் போன லேடீஸ் சைக்கிளில் போட்டிருந்த வலை மாதிரிதான் இதுவும் என்று. அவளுக்குச் சட்டென்று புரியும். நீ செய்கிற செலவுக்கும் ஒரு நியாயம் கிடைக்கும்.

ஹேங்கர் நேராகிறவரை ஏற்காடு வேண்டாம். அதுவரை காலேஜுக்கு ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எல் ஸ்க்ரூவைக் கடிகாரத் திசையில் திருகித் திருகி, செயின் பெரிய பல்லில் ஏறவே முடியாதபடி அடைத்துவிடு. எட்டில் ஒரு கியர் குறையும், சமதரையில் அது உனக்குத் தேவைப்படாது. பார்சல் கைக்கு வந்த அன்றைக்கே, ஆலன் கீ செட்டோடு வைத்திருக்கிற சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முதலில் அதைச் செய்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா